ஏறிப்போன பதினாலரை டெசிபல்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, வீட்டு டெஸ்க்டாப்பில் லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். மாடி டிஷ்ஷில் செயற்கைக்கோள் வானொலி கேட்க நான் வைத்திருக்கும் ரிசீவர் மென்பொருளும் அதோடு சேர்ந்து புதுப் பதிப்பாகிவிட்டது. பழைய செட்டிங் எதையும் அது எடுத்துக்கொள்ளவில்லை. சரி, அலைவரிசை, எல்என்பிக்கு (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று அலையைப் பிடித்துப் பெருக்கும் பெட்டி) கழிக்க வேண்டிய எண், கெயின் என்ற பெருக்க அளவு எல்லாவற்றையும் கையால் மறுபடி போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். திரையின் அடியில் பின்னணி இரைச்சலைக் காட்டியபடி எப்போதும் −70 டெசிபலில் படுத்துக் கிடக்கும் பச்சைக் கோடு −55.5ல் நின்றது.

பதினாலரை டெசிபல். இரைச்சலின் திறன் 28 மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே 24 டெசிபல் உயரத்தில் ஊசி மாதிரி நிற்கும் பீக்கன், அதாவது செயற்கைக்கோளில் இருந்து விடாமல் வரும் அடையாள சிக்னல், ஒன்பதரை உயரத்தில் குட்டையாக நின்றது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

நான் தேனியில் டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் உண்டு. மொட்டைமாடியில் 90 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றை வைத்து க்யூஓ-100 கேட்டுக்கொண்டிருப்பது என் சாயங்கால வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 என்ற செயற்கைக்கோளில் ஹாம்களுக்காக வைத்திருக்கும், கீழிருந்து வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்தான் க்யூஓ-100. 2018 நவம்பர் 15 அன்று ஃபால்கன் 9 ராக்கெட்டில் மேலே போனது. அடுத்த பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மற்ற ஹாம் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் தலைக்கு மேலே ஓடி மறைந்துவிடும். இது புவிநிலைப் பாதையில் கிழக்கு 26 டிகிரியில் அப்படியே நிற்கிறது. பிரேசிலில் பேசுகிறவரையும் தாய்லாந்தில் பேசுகிறவரையும் ஒரே டிஷ்ஷில், ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நம் ஊர் டிடிஎச் டிஷ்கள் கிட்டத்தட்ட வானத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு இருக்கும். க்யூஓ-100க்கு அப்படி இல்லை. தேனியில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் மேற்கு, 262 டிகிரி. உயரம் 30 டிகிரி. மேற்குத் தொடர்ச்சி மலை என் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தாலும் 30 டிகிரிக்கு அது எழும்பாது. பக்கத்து வீட்டுத் தென்னை எழும்பும். அதனால்தான் டிஷ்ஷை மாடியின் தெற்கு மூலைக்கு மாற்றினேன்.

இன்னொரு விஷயம், நம் பக்கம் இதை முயற்சி செய்கிறவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அந்த டிரான்ஸ்பாண்டரின் இறங்கு அலை செங்குத்துத் துருவம் (மேலும் கீழுமாக அதிரும் அலை) என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஐரோப்பாக்காரர்கள் எல்என்பியைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மேற்கே பார்க்கிறோம். செயற்கைக்கோளுக்குச் செங்குத்தாக இருப்பது நமக்குப் படுத்த வாக்கில் வந்து சேர்கிறது. என் இடத்துக்குக் கணக்குப் போட்டால் 77 டிகிரி சாய்வு வருகிறது. அது தெரியாமல் முதல் இரண்டு வாரம் டிஷ்ஷை அங்கும் இங்கும் ஆட்டியபடி ஒன்றும் கேட்காமல் நின்றேன். எல்என்பியை ஏறக்குறைய முழுசாகத் திருப்பிய சாயங்காலம்தான் முதல் மோர்ஸ் கேட்டது.

மிச்சமெல்லாம் எளிய சாமான்தான். 10489.5 முதல் 10490 மெகாஹெர்ட்ஸ் வரை வருகிற அலையை எல்என்பி 9750 கழித்து 739.5 முதல் 740 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குகிறது. 20 மீட்டர் ஆர்ஜி6 கேபிள், எல்என்பிக்குக் கரண்ட் கொடுக்க ஒரு பயாஸ் டீ, கடைசியில் கணினியில் சொருகும் குட்டி ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். டிவி பார்ப்பதற்காக வந்த ஆர்டிஎல்2832யூ சிப்தான் அதற்குள்ளே, எட்டே பிட். கெயின் எப்போதும் 28.0ல், கையால் வைத்தது. கெயினைத் தானாக மாற்றும் ஏஜிசி இரண்டையும் அணைத்து வைத்திருப்பேன்.

மறுநாள் காலை மாடிக்கு ஏறினேன். ஐப்பசி மழை ஒரு வாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக எஃப் கனெக்டர் முறுக்கும் கைக்கு முதலில் தோன்றுவது தண்ணீர்தான். எல்என்பி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றினேன். நடுக்கம்பி செம்பு நிறத்திலேயே இருந்தது, வலையிலும் பச்சை படியவில்லை. இருந்தாலும் இரண்டு முனையையும் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, சுய ஒட்டு டேப் சுற்றினேன். இறங்கி வந்து பார்த்தால் −55.5. ஒரு புள்ளி கூட நகரவில்லை.

அப்போதே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். எல்என்பி 55 டெசிபல் அளவுக்குப் பெருக்கித் தருகிறது. அதற்குப் பிறகு கேபிளில் 4 டெசிபல் போனாலும் இரைச்சலும் சிக்னலும் சேர்ந்துதான் இறங்கும். கனெக்டரில் தண்ணீர் இருந்தால் கோடு கீழே போகுமே தவிர மேலே வராது. எல்என்பியின் முதல் டிரான்சிஸ்டர் கெட்டால் மட்டும்தான் சிக்னல் அப்படியே இருக்க இரைச்சல் ஏறலாம். அப்படி யோசித்து, எல்என்பிதான் போய்விட்டது என்று முடிவு கட்டி, 850 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

செயற்கைக்கோளிலேயே பீக்கனின் திறனைக் குறைத்திருப்பார்களோ என்றும் ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் கூன்ஹில்லி தரை நிலையத்தில் க்யூஓ-100க்கென்று ஒரு வெப்எஸ்டிஆர் இருக்கிறது, பிரவுசரிலேயே கேட்கலாம். போய்ப் பார்த்தேன். பீக்கன் எப்போதும் போல நின்றது. அப்படியானால் கோளாறு என் மாடியில்தான் என்று இன்னும் உறுதியானேன்.

மகள் அன்று மத்தியானம் ஹாஸ்டலில் இருந்து வந்தாள். ஈசிஇ மூன்றாம் வருடம். பையைக்கூட இறக்கி வைக்காமல் என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, டிஷ் விழுந்துருச்சா?" என்றாள். கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "சத்தம் எப்படிப்பா இருக்கு? பேசுறது கேக்குதா?"

அதை நான் கவனிக்கவே இல்லை. ஹெட்போனை மாட்டினேன். ஒரு இத்தாலிக்காரர் ஒரு ஜெர்மன்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். போன வாரம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு. இரைச்சல் நிஜமாகவே 28 மடங்கு ஏறியிருந்தால் அந்த இருவரும் மூழ்கிப் போயிருப்பார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்த கோடு காதை மறைத்துவிட்டது.

"சரிப்பா, கை டெஸ்ட் பண்ணுவோமா?" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர். நான் மாடியில் ஸ்டூல் மேல் ஏறி எல்என்பியின் வாயை உள்ளங்கையால் மூடுவேன். அவள் கீழே திரையைப் பார்த்து போனில் எண் சொல்வாள். குளிர்ந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எல்என்பி, கையை வைத்ததும் 310 கெல்வின் சூட்டில் இருக்கும் சதையைப் பார்க்கிறது. நல்ல எல்என்பி என்றால் இரைச்சல் கணிசமாக ஏற வேண்டும். கெட்ட எல்என்பிக்கு அதன் சொந்த இரைச்சலே பெரிது; கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதிகம் தெரியாது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் மூடி சில்லென்று இருந்தது. உள்ளங்கையை அழுத்தி வைத்தேன்.

"ஏறுதுப்பா... −50.4. கையை எடுங்க... −55.5. மறுபடி வைங்க."

மூன்று தடவை செய்தோம். ஐந்து, ஐந்தே கால், ஐந்து. இறங்கி வந்து நோட்டைப் புரட்டினேன். போன வருடம் மார்ச்சில் இதே டெஸ்ட்டில் எழுதியிருந்தது: 5.1. எல்என்பி அப்படியே இருக்கிறது. டிஷ்ஷில் ஒரு கோளாறும் இல்லை. கோடு மட்டும் பதினாலரை ஏறியிருக்கிறது.

இந்தக் கை டெஸ்ட்டை நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. கை வைத்தபோதும் இரைச்சல், எடுத்தபோதும் இரைச்சல். மென்பொருள் எந்த விதத்தில் அளந்தாலும் இரண்டையும் ஒரே விதமாகத்தான் அளக்கும். அளவுகோல் பிசகினாலும் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பிசகாது.

அலமாரியில் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. வெளியே எடுத்துப் போவதற்காகப் பழைய பதிப்பை, என் பழைய செட்டிங்கோடு அதில் அப்படியே வைத்திருக்கிறேன். டாங்கிளைப் பிடுங்கி அதில் சொருகினோம். அதே டாங்கிள், அதே கேபிள், அதே கெயின் 28.0. கோடு −70ல் படுத்தது.

நிம்மதியாக மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. இரண்டு திரையையும் போனில் படம் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்த நடுவுல இருக்கிற பீக்கனைப் பாருங்க" என்றாள்.

டிரான்ஸ்பாண்டரின் கீழ் விளிம்பில், 10489.500ல், மோர்ஸ் அடிக்கும் பீக்கன் இருக்கிறது. நான் எப்போதும் பார்ப்பது அதைத்தான், ஊசி மாதிரி நிற்பதால். நடுவில், 10489.750ல், பிஎஸ்கே என்ற டிஜிட்டல் முறையில் நொடிக்கு 400 பிட் அனுப்பும் பீக்கன். அது பல நூறு ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் மேடு. அவள் எடுத்த படத்தில் மோர்ஸ் பீக்கனின் உச்சி பழையதிலும் −46, புதியதிலும் −46. பிஎஸ்கே மேடு பழையதில் −60. புதியதில் −46ஐ ஒட்டி. அதாவது மேடு, இரைச்சலோடு சேர்ந்து மேலே போயிருக்கிறது. இரைச்சலுக்கு மேல் அதன் உயரம் இரண்டிலும் பத்து டெசிபல் அளவுதான். ஊசியின் உயரம் மட்டும் 24ல் இருந்து ஒன்பதரைக்கு இறங்கியிருக்கிறது.

அந்த ஒரு படத்திலேயே விடை முழுவதும் இருந்தது. ஆனால் அதை நம்புவதற்கு முன்னால் டிரைவரையும் கெயினையும் சந்தேகப் பட்டியலில் இருந்து நீக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அது நல்ல பழக்கம். புதுப் பதிப்போடு டாங்கிளின் டிரைவரும் மாறியிருக்கிறது, 28.0 என்று எழுதியிருந்தாலும் சிப்புக்குள் உண்மையில் வேறு எண் போயிருக்கலாமே.

ரிசீவர் மென்பொருள் இரண்டையும் மூடிவிட்டு, டாங்கிளோடு வரும் சின்ன கட்டளைக் கருவியால் இரண்டு கணினியிலும் பத்துப் பத்து விநாடி பதிவு செய்தோம். நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக 48 மெகாபைட். படம் வரைவதற்கு முன்னால், அலைவரிசை வாரியாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்குக்கு முன்னால், டாங்கிள் கக்கியது அப்படியே. மகள் பைதானில் பதினைந்து வரி எழுதி, நடு மதிப்பான 127.5ஐக் கழித்து, ஒவ்வொரு மாதிரியிலும் உள்ள ஐ, க்யூ என்ற இரண்டு எண்ணையும் சேர்த்து ஆர்எம்எஸ், அதாவது மொத்த வலுவின் சராசரி அளவு, எடுத்தாள். பழைய லேப்டாப்பில் 11.3. புது டெஸ்க்டாப்பில் 11.2. வித்தியாசம் 0.1 டெசிபல் கூட இல்லை. டாங்கிளும் டிரைவரும் கெயினும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. இனி மாடிக்கு ஏற வேண்டியதில்லை.

அப்புறம் அந்தப் பதிவில் ஒன்றையே இரண்டு மென்பொருளிலும் ஓட்டினோம். ஒரே கோப்பு. ஒன்றில் −70, இன்னொன்றில் −55.5.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திரையில் தெரியும் கோடு, எஃப்எஃப்டி போட்டு அலைவரிசையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு திறன் விழுந்தது என்று காட்டுவது. பழைய பதிப்பில் எஃப்எஃப்டியின் அளவை எப்போதோ 65536 என்று வைத்திருந்தேன். 24 லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு கட்டம் 36.6 ஹெர்ட்ஸ். புதுப் பதிப்பு தன் இஷ்டத்துக்கு 4096 என்று எடுத்துக்கொண்டது. ஒரு கட்டம் 586 ஹெர்ட்ஸ். பதினாறு மடங்கு அகலம்.

மழையில் முற்றத்தில் பாத்திரம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் வைத்தால் கொஞ்சம் தண்ணீர், அண்டா வைத்தால் நிறைய. மழை ஒன்றுதான், பாத்திரத்தின் வாய்தான் வேறு. இரைச்சல் என்பது எல்லா இடத்திலும் சமமாகப் பெய்யும் மழை. வாய் பதினாறு மடங்கு அகன்றால் பதினாறு மடங்கு இரைச்சல், அதாவது 12 டெசிபல். மோர்ஸ் பீக்கன் ஒரே இடத்தில் ஒழுகும் குழாய். அதன் அடியில் டம்ளர் வைத்தாலும் அண்டா வைத்தாலும் விழும் தண்ணீர் ஒன்றேதான். அதனால்தான் ஊசியின் உச்சி −46ல் அசையாமல் இருக்க, சுற்றியிருந்த இரைச்சல் மட்டும் எழும்பி அதை அமுக்கியது. பிஎஸ்கே மேடு இரண்டு பதிப்பின் கட்டத்தைவிடவும் அகலமானது. அதுவும் மழை மாதிரிதான் நடந்துகொள்ளும்.

அகலம் சொல்லாமல் நாய்ஸ் ஃப்ளோர் (அடியில் கிடக்கும் இரைச்சலின் மட்டம்) என்று ஒரு எண்ணைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. பாடத்தில் எனக்கு இது தெரியும். அறை வெப்பத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம், 500 ஹெர்ட்ஸ் மோர்ஸ் ஃபில்டரில் −147, 2500 ஹெர்ட்ஸ் பேச்சு ஃபில்டரில் −140 என்று லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த காலத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். என் காதில் விழுந்த சத்தம் மாறாததற்கும் காரணம் அதுதான். பேச்சு ஃபில்டரின் அகலம் இரண்டு பதிப்பிலும் ஒன்றே. படத்தின் கட்டம் மட்டும் மாறியது.

புதுப் பதிப்பிலும் 65536 போட்டேன். கோடு இறங்கி −67.5ல் நின்றது.

நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன். 12 டெசிபல் திரும்ப வந்துவிட்டது. மீதி இரண்டரைக்கு என்ன, ஏதாவது அளவுத் திருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு அது பொறுக்கவில்லை. "அதே ஃபைல்பா. பத்து தடவை ஓட்டுனாலும் அதே இரண்டரை வருது. அது தானா வராது" என்றாள். அந்த இரண்டரை டெசிபலுக்கு விடை கிடைக்கத்தான் ராத்திரி பதினொரு மணி ஆனது. பன்னிரண்டு டெசிபலைக் கண்டுபிடித்தது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முதலில் விண்டோவைச் சந்தேகப்பட்டோம். எஃப்எஃப்டி போடுவதற்கு முன்னால் மாதிரிகளின் இரண்டு ஓரத்தையும் தேய்த்து மெலிதாக்கும் சங்கதி அது. எந்த விண்டோ என்பதைப் பொறுத்துக் கட்டத்தின் வாய் கொஞ்சம் அகலும். ஹான் என்றால் ஒன்றரை மடங்கு, பிளாக்மன்-ஹாரிஸ் என்றால் இரண்டு மடங்கு. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போனால் 1.2 டெசிபல்தான் மாறும். அதுவும் இரண்டு பதிப்பிலும் ஹான்தான் இருந்தது. போய்விட்டது அந்தச் சந்தேகம்.

இன்னொன்றையும் பார்த்தோம். மோர்ஸ் பீக்கனின் உச்சி இன்னும் இரண்டிலும் −46 என்றே இருந்தது. அளவுத் திருத்தம் என்றால் பீக்கனும் இரண்டரை ஏறியிருக்க வேண்டும். ஏறியது இரைச்சல் மட்டும். ஆகவே காரணம், இரைச்சலையும் நிலையான சிக்னலையும் வேறு வேறு விதமாகத் தொடுகிற ஏதோ ஒன்று.

மகள் சராசரிக்கு வந்தாள். திரையில் தெரிவது ஒரே ஒரு எஃப்எஃப்டி இல்லை, பலவற்றின் சராசரி. அந்தச் சராசரியை இரண்டு விதமாக எடுக்கலாம். திறன்களைக் கூட்டி வகுத்து, அதன் பிறகு டெசிபலாக்கலாம். இல்லை, ஒவ்வொன்றையும் முதலில் டெசிபலாக்கிவிட்டு, அந்த டெசிபல்களின் சராசரியை எடுக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. அவள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். ஒரு தடவை திறன் 1, அடுத்த தடவை 9. கூட்டி வகுத்தால் 5, அது 7 டெசிபல். முதலில் டெசிபலாக்கினால் 0, 9.5, சராசரி 4.8. இரண்டு எண்ணும் ஒன்றேயாக இருந்தால் வித்தியாசம் வராது. எண்கள் எவ்வளவு குதிக்கிறதோ அவ்வளவு வித்தியாசம்.

பீக்கன் குதிப்பதில்லை. இரைச்சல் குதித்துக்கொண்டே இருக்கும். "எக்ஸ்பொனன்ஷியல் டிஸ்ட்ரிபியூஷன்பா. ரேண்டம் ப்ராசஸ் பேப்பர்ல வந்துச்சு, எதுக்குன்னு தெரியாமலே எழுதிட்டு வந்தேன்" என்றாள். இப்படித் தாறுமாறாகக் குதிக்கும் இரைச்சலுக்கு (காஸியன் இரைச்சல் என்பார்கள்) இந்த வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கில் துல்லியமாக வருகிறது: ஆய்லர் மாறிலி 0.5772ஐ 4.343ஆல் பெருக்கினால் 2.51 டெசிபல். டிஷ், டாங்கிள், ஊர், மழை எதையும் பொறுத்து அது மாறாது. அந்தக் காகிதத்தை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவள் எங்கள் கோப்பை இரண்டு விதமாகவும் சராசரி எடுத்து ஓட்டினாள். ஒன்று −70.1, இன்னொன்று −67.6. இரண்டு மென்பொருளும் காட்டிய அதே எண்கள். பிறகுதான் புதுப் பதிப்பின் மாற்றக் குறிப்புகளைத் திறந்து வரி வரியாகப் படித்தோம். ஸ்பெக்ட்ரத்தின் சராசரி இனி டெசிபலில் இல்லாமல் திறனில் எடுக்கப்படும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டு நாள் முன்பு அதே பக்கத்தை நானும் படித்தேன். அந்த வரி கண்ணில் பட்டிருக்கிறது, பொருள் உள்ளே இறங்கவில்லை.

என்னைக் கேட்டால் புதுப் பதிப்பு செய்வதுதான் சரி. திறனைச் சராசரி எடுத்தால்தான் உண்மையான இரைச்சல் அளவு கிடைக்கும். பழையது பார்க்க அழகாக, மட்டமாக இருக்கும். ஆனால் எப்போதும் இரண்டரை டெசிபல் குறைத்துச் சொல்லும். என் பழைய நோட்டு முழுவதும் அந்தக் குறைத்த எண்கள்தான். அவற்றின் மேல் பென்சிலால் +2.5 என்று எழுதிக்கொண்டு வருகிறேன். பாதி முடிந்திருக்கிறது.

இன்னொரு மனக்குறையும் இதில் தீர்ந்தது. க்யூஓ-100ல் யாரும் பீக்கனைவிடச் சத்தமாக வரக்கூடாது என்பது நாகரிகம். சில சமயம் யாரோ ஒருவருடைய பேச்சு மோர்ஸ் பீக்கனைவிட உயரமாக நிற்பதைப் பார்த்து, ஏன் இப்படி என்று நான் வருத்தப்பட்டதுண்டு. 586 ஹெர்ட்ஸ் கட்டத்தில் பேச்சின் திறன் மொத்தமாக நாலைந்து கட்டத்தில் குவியும். 36 ஹெர்ட்ஸ் கட்டத்தில் பல கட்டங்களில் சிதறிக் குட்டையாகும். திரையின் கட்ட அகலம் தெரியாமல் ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. அகலமான சிக்னலை அகலமான பிஎஸ்கே பீக்கனோடுதான் ஒப்பிட வேண்டும்.

பதிப்பு மாற்றிய பிறகு உங்களுக்கும் இப்படி ஆனால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எஃப்எஃப்டி அளவு, மாதிரி வேகம், விண்டோ, சராசரி எடுக்கும் விதம் இந்த நான்கையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் பழைய பதிப்பின் செட்டிங் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான்கும் ஒன்றாக இருந்தும் கோடு மாறியிருந்தால், அப்போது கெயினையும் ஏஜிசியையும் பாருங்கள். அதற்கும் அப்புறம்தான் மாடி.

புது எல்என்பி தீபாவளிக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. இடி மின்னல் ஊரில் ஒன்று கைவசம் இருப்பது நல்லதுதான். நோட்டில் இப்போது நாய்ஸ் ஃப்ளோர் என்ற கட்டத்தையே அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இரண்டு கட்டம்: கை வைத்தால் எவ்வளவு ஏறுகிறது, பிஎஸ்கே பீக்கன் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு உயரம். இரண்டும் எந்தப் பதிப்பிலும் ஒன்றாகவே வரும்.

மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அந்தப் பதினைந்து வரியை டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுப் போனாள். ஞாயிறு காலையில் ஓட்டுகிறேன். எண் சொல்ல ஆள் இல்லாததால் போனில் டெஸ்க்டாப் திரையை வரவழைத்து, சட்டைப் பையில் சாய்த்து வைத்துக்கொண்டு ஸ்டூல் ஏறுகிறேன். போன ஞாயிறு எழுதியது: கை 5.2, பிஎஸ்கே 10.1, மழை இல்லை. அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பாயிண்ட் ஒன்னுக்கு மேல மாறலப்பா" என்று பதில் வந்தது.